ஆடு தின்னாத செடிகள்

ஜூன் 5, வியாழன்

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு இன்றும் கூட்டம். பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் வேறொன்று என்று வந்து நின்ற அம்மாக்களிடம் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. வெளியே காலையிலிருந்து சாரல். பொள்ளாச்சியில் ஜூன் மாதத்துக்கு இது வழக்கம்தான்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள், "வா, உனக்கொண்ணு காட்டணும்" என்று மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனார். எந்த ஸ்விட்சை முதலில் போட வேண்டும், தண்ணீர் ஏறாவிட்டால் என்ன செய்ய வேண்டும், ஃபியூஸ் போனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் சொன்னார். என்னையே போட்டு நிறுத்திக் காட்டச் சொன்னார்.

"இதெல்லாம் நீங்கதான பாக்கறீங்க. எனக்கெதுக்குங்க?"

"தெரிஞ்சு வெச்சுக்க. ஆள் இல்லாதப்ப வேணுமல்ல."

எங்கே போகப் போகிறார்? வீட்டுக் கேட்டைத் தாண்டியே நாளாகிறது. போன வருஷம் ஜூலையில், மழையில் வழுக்கி விழுந்த ஒரு காலேஜ் பையன் அவர் ஓட்டிய கல்லூரிப் பஸ்ஸின் பின் சக்கரத்தில் மாட்டி இறந்துபோனான். இவர் மேல் தப்பில்லை என்று கேஸ் பங்குனியிலேயே முடிந்துவிட்டது. முடிந்தால் சரியாகிவிடுவார் என்றுதான் எல்லோரும் சொன்னோம். கல்லூரியிலிருந்து மறுபடி வண்டி எடுக்கக் கூப்பிட்டார்கள். போகவில்லை. பைக்கைக்கூடத் தொடுவதில்லை. செடிதான் இப்போது அவருக்கு எல்லாம்.

தோட்டத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். எங்கள் மனைக்கு முன்னால் மட்டும்தான் சுவர். மற்ற மூன்று பக்கமும் கம்பிதான். ஊர் ஆடு முழுக்க உள்ளே வரும். அதனால் அவர் ஆடு வாய் வைக்காத செடியாகத் தேடித் தேடிக் கொண்டு வந்து வைத்தார். மூன்று நிறத்தில் அரளி, தொட்டி தொட்டியாக அடி பெருத்த அடீனியம், வாசலுக்கு இரண்டு பக்கமும் குட்டைப் பனை மாதிரி சைக்கஸ், மூலையில் மணி மணியாகத் தொங்கும் வெள்ளை ஊமத்தை. பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது.

ஆடு ஏன் அவற்றைத் தின்பதில்லை என்று நான் இதுவரை யோசித்ததில்லை.

ஜூன் 7, சனி

குளிக்கப் போனவர் போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஏதோ வீடியோ பாதியில் நின்றிருந்தது. செடி வீடியோதான். அவர் எப்போதும் பார்ப்பதுதான். நான் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். ஆடு ஏன் தின்பதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு போனை இருந்தபடியே வைத்துவிட்டு வந்து தோசை ஊற்றினேன். முதல் இரண்டும் கருகிவிட்டன.

ஈஸ்வரியக்கா பால் ஊற்ற வந்தபோது, அவள் வீட்டு நாய் போட்ட குட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் அம்மிணி இருக்குது. நீ நாயக் கண்டாலே அக்கட்டால போயிருவியே?"

"காவலுக்கு இருக்கட்டும்னுதானுங்க்கா."

"காவலுக்கா? அண்ணந்தான் நாள் பூரா ஊட்லயே இருக்கறாரே!"

நான் பாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

குட்டி வந்துவிட்டது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கிறது. ஆண். வந்ததும் சமையலறையில் மூத்திரம் போனது. அவர் வாசற்படியில் உட்கார்ந்தபடி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னத்துக்கு இது?"

"ஈஸ்வரியக்கா கொடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல முடியல."

"நீதான் கேட்டதாச் சொன்னா அவ."

மாட்டிக்கொண்டேன். "ஆமா, கேட்டேன். பகல்ல உங்களுக்கும் தொணையா இருக்குமல்லங்க."

"எனக்கெதுக்குத் தொணை?" என்று எழுந்து போய்விட்டார். சாயந்திரம் பார்த்தால், குட்டி அவர் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்குகிறது. அவர் வெறுங்காலோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டுக் குட்டிக்கு ஊசி போடக் கூட்டிப்போனோம். நான் ஸ்கூட்டி ஓட்ட, அவர் பின்னால் அட்டைப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் ஏதாவது முந்திப்போகும்போதெல்லாம் அவர் கை என் தோளை இறுக்கியது.

உடுமலை ரோட்டில் வசுமதி என்று ஒரு பெண் டாக்டர். சின்ன வயது, நறுக்கென்ற பேச்சு. ஊசி போட்டு முடித்ததும் நான் கேட்டேன்.

"டாக்டர், வீட்ல செடி நெறையா இருக்குதுங்க. நாய்க்கு ஆகாத செடின்னு ஏதாச்சும் இருக்குங்களா?"

"என்னென்ன செடிம்மா?"

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அம்மா, நீங்க சொன்னதுல ஒண்ணுகூட நாய் இருக்கற வீட்ல இருக்கக் கூடாது. குட்டி பல் முளைக்கற வயசு. கண்டதையும் கடிக்கும். அரளிய முதல்ல எடுங்க. சைக்கஸ் காய் ஒண்ணு தின்னாலே கல்லீரல் போயிரும். ஊமத்தை சொல்லவே வேண்டாம்."

"கட்டிப்போட்டு வளத்தறோம்" என்றார் இவர்.

"எத்தனை நாளைக்குங்க சார் கட்டி வெப்பீங்க? செடிய மாத்திக்கலாம். நாய மாத்த முடியுமா?"

வரும் வழியில் நான் செடிப் பேச்சை எடுக்கவில்லை. டாக்டர் எனக்கும் சேர்த்துப் பேசிவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

ஊமத்தை போயிற்று. அவரே வெட்டினார். குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். நான் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

நர்சரிக்காரர் டெம்போ கொண்டு வந்து அடீனியம் தொட்டிகளையும் சைக்கஸ் இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனார். பதிலுக்குச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் தருகிறேன் என்றார். நந்தியாவட்டை நாய்க்கு ஆகுமா என்று இவர் கேட்டார். நர்சரிக்காரருக்குத் தெரியவில்லை. "அப்ப வேண்டாம்" என்றார் இவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குட்டிக்காகத்தான் கேட்கிறார், உண்மையாகவே கேட்கிறார்.

குட்டிக்குப் பெயரும் வைத்துவிட்டார். டெம்போ நின்றதும் அது ஓடிப்போய் ஒவ்வொரு டயராக மோந்து பார்த்து, கடைசி டயரில் காலைத் தூக்கத் தெரியாமல் உட்கார்ந்தே நனைத்தது.

"டயர் டயராப் பாக்கறான் பாரு. கிளீனர் வேலைதான். டேய் கிளீனர்! காத்து இருக்குதா?"

நர்சரிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். இவர் வாயில் பஸ் சம்பந்தப்பட்ட வார்த்தை வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது.

பின்பக்கக் கம்பி ஓரத்து அரளி மட்டும் நிற்கிறது. அதை எடுக்கச் சொன்னால், "அது அக்கட்ட மூலைல கெடக்குது. கிளீனர் அங்க போறதில்ல" என்கிறார். பூ நிறையப் பூத்திருக்கிறதாம். பூ முடியட்டுமாம்.

ஜூன் 18, புதன்

ரேஷன் கடைக்கு அவரை அனுப்பிவிட்டு அரளியை வெட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன். கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, வெட்டரிவாளால் தூரோடு. எனக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை. கிளீனரை வீட்டுக்குள் அடைத்திருந்தேன். அது கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் குழியில் போட்டு மண் தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டார். அரிசிப் பையைக் கீழே போட்டார்.

"யாரக் கேட்டு வெட்டுன?"

கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கத்திக் கேட்டதில்லை.

"நாய்க்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்லங்க."

"நாய்க்காவா வெட்டுன?"

"நாய்க்குத்தானுங்க."

"என்னயப் பாத்துச் சொல்லு. நாய்க்குத்தானா?"

அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "நாய்க்குத்தான்."

அவர் என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி மீதி மண்ணைத் தள்ளி மூடினார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பேச்சில்லை. கிளீனரிடம் மட்டும் பேசுகிறார்.

ஜூன் 26, வியாழன்

சமாதானம் ஆகிவிட்டது. நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. வெட்டிய இடத்தில் பாத்தி கட்டிக் கத்தரியும் வெண்டையும் வைக்கலாமா என்று கேட்டார். கத்தரி இலையும் நாய்க்கு அவ்வளவு நல்லதில்லையாம், போனில் பார்த்தாராம். அதனால் வெண்டையும் கீரையும்.

கிளீனருக்கு இப்போது அவர் இல்லாமல் சாப்பாடு இறங்குவதில்லை. இவர் முன்னால் நடந்தால் அது பின்னால், இவர் நின்றால் அது காலைச் சுற்றி. ஒரு செருப்பைத் தின்றுவிட்டது. மோட்டார் ரூமுக்குள் ஓடி மிதியடியை இழுத்து வந்து கிழித்தது. திட்டாமல் சிரிக்கிறார்.

இந்த வாரம் முழுக்க நான் இடையில் முழிக்காமல் தூங்கியிருக்கிறேன். அவர் மூச்சு விடுகிறாரா என்று எழுந்து பார்க்கவில்லை.

ஜூலை 5, சனி

நல்ல நாள். அவர் முடிவெட்டிக்கொண்டு வந்தார். தாடியையும் எடுத்துவிட்டார். மீசையோடு அந்தப் பழைய முகத்தைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஓசூரில் இருக்கும் மகள் ரேணுவுக்கு அவராகவே போன் போட்டு நெடுநேரம் பேசினார். மாப்பிள்ளையிடமும் பேசினார். "என்ற பொண்ண நல்லாப் பாத்துக்கறீங்க, அது போதுமுங்க" என்று சொன்னது எனக்கே கேட்டது. ரேணு பிறகு எனக்குப் போன் போட்டு, "அம்மா, அப்பா பழையபடி ஆயிட்டாரும்மா!" என்று அழுதாள்.

பீரோவைச் சுத்தம் செய்தார். தன் பழைய சட்டைகளை மடித்து ஒரு பையில் போட்டு, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார்.

எனக்கு நிம்மதியாக இருக்கிறது. இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை எட்டாம் தேதி. அந்தப் பையன் போய் ஒரு வருஷம். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது டாக்டர் வசுமதியின் கிளினிக் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவர் உள்ளே கிளீனர் பக்கத்தில் இருக்கிறார். கதவு திறந்திருக்கிறது. அவர் முதுகு தெரிகிற மாதிரி பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் ஆபீசில் இருந்தபோது அவர் போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை. திரையில் பெயரைப் பார்த்ததும் எடுக்கப் பயந்து ஒரு கணம் அப்படியே வைத்திருந்தேன்.

"சாந்தா, கிளீனர் வாந்தி எடுக்கறான். எந்திரிக்க மாட்டேங்கறான். சீக்கிரம் வா."

அவர் குரல்தான். அவர்தான் பேசுகிறார். அந்த நேரத்தில் எனக்கு வந்தது ஆறுதல் என்று எழுதினால் கிளீனருக்குத் துரோகம். ஆனால் ஆறுதல்தான்.

வீட்டுக்குப் போனால் வாசலில் நாயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயில் நுரை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினார். வழியெல்லாம் என் காதோரம் "வேகமாப் போ, வேகமாப் போ" என்றுதான் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது.

டாக்டர் நாயை மேசையில் போட்டு நெஞ்சில் குழாயை வைத்தார். முகம் மாறியது.

"இதயம் தாறுமாறா அடிக்குது. என்ன தின்னுச்சு?"

"ஒண்ணுமில்லைங்க டாக்டர். நீங்க சொன்ன எல்லாச் செடியையும் எடுத்துட்டோம்" என்றேன்.

"இது விஷந்தான்மா. எலி மருந்து? பூச்சி மருந்து? யோசிச்சுச் சொல்லுங்க. என்னன்னு தெரிஞ்சா அதுக்குண்டான வைத்தியம் பாக்கலாம். தெரியாம நான் குருட்டாம்போக்குல ஊசி போட முடியாது. நேரமில்ல."

"வீட்ல எதுவுமே இல்லைங்க டாக்டர். சத்தியமா இல்ல. நானே தேடித் தேடிப் பாத்துட்டேன்."

நான் சொன்னதை நானே கேட்டேன். நாய்க்காகத் தேடியதாகத்தான் டாக்டர் நினைத்திருப்பார்.

"இருந்துச்சு" என்றார் இவர்.

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கிளீனரையே பார்த்தபடி அந்த விஷத்தின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"என்ற காக்கிச் சட்டைப் பாக்கெட்ல வெச்சிருந்தேன். மோட்டார் ரூம்ல தொங்குச்சு. சட்டைய இழுத்துக் கீழ போட்டுக் கிழிச்சிருக்கான். நான் பாக்கறப்ப பாதிதான் இருந்துச்சு." பாக்கெட்டிலிருந்து கிழிந்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"பாதின்னா எவ்வளவு? எப்பத் தின்னுச்சு?"

அவர் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் தெளிவாகச் சொன்னார். டாக்டர் உதவிக்கு இருந்த பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே, "இதை எதுக்குங்க சார் சட்டைல வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கு என்ன கேட்டோம் என்று புரிந்தது போலிருந்தது. ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்த்தார்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கிளீனரை வாந்தி எடுக்க வைத்தார்கள். கரி கரைத்த மருந்தைக் குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். டிரிப் ஏற்றினார்கள். இவர் அதன் காலைப் பிடித்துக்கொண்டே நின்றார். வெளிச்சம் போவதற்கு முன் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"அம்மா, நாய நான் பாத்துக்கறேன். பிழைக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது. அவரத் தனியா விடாதீங்க. ஒரு நிமிஷங்கூட விடாதீங்க. பெரிய ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இருக்காரு, நான் பேசி வெக்கறேன். வியாழக்கிழமை கட்டாயம் கூட்டிட்டுப் போயிருங்க. அதுக்கு முன்னால கஷ்டமாத் தெரிஞ்சா யோசிக்காம அவசரப் பிரிவுக்கே போங்க."

"நான் செடியெல்லாம் எடுத்துட்டேங்க டாக்டர்" என்றேன். என்னவோ அதையே திரும்பச் சொன்னேன்.

"நீங்க செஞ்சது சரிதாம்மா. ஆனா அவருகிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஒரு மாதமாகச் செடியைப் பற்றிக் கேட்டேன், நாயைப் பற்றிக் கேட்டேன். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் அந்த நினைப்பை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். இதை எழுதவே இத்தனை நாளாகியிருக்கிறது.

அதே நாள், மாலை

கேட்டுவிட்டேன்.

கிளினிக்கின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரம் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன். கிளீனர் பிழைத்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். அது பிழைக்காவிட்டால்? இவர் உயிரை அந்தக் குட்டியின் உயிரோடு கட்டிவைத்துவிட்டு நான் காத்திருக்க முடியாது.

"ஏனுங்க, செத்துப்போகணும்னு நெனச்சீங்களா?"

துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நெனச்சேன்."

"எப்ப இருந்து?"

"கேஸ் முடிஞ்சதுல இருந்து. தண்டனை குடுத்திருந்தாங்கன்னா போயி உள்ள இருந்துட்டு வந்திருப்பேன். ஒண்ணுமில்ல போன்னு சொல்லிட்டாங்க. நான் எங்க போறது சாந்தா?"

"இன்னிக்குத்தான் நாள் குறிச்சு வெச்சிருந்தீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். கேட்க ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

"இப்ப? இப்பவும் அந்த நெனப்பு இருக்குதா?"

"தெரியல. நேத்து அவன் துடிச்சானே... அதப் பாத்ததுல இருந்து வேற எதுவும் நெனைக்க முடியல." கொஞ்சம் பொறுத்து, "நான் வெச்சதத் தின்னுட்டு அது துடிக்குது. மறுபடியும் என்னால ஒரு உசுரு" என்றார். அப்போதுதான் அழுதார். ஒரு வருஷத்தில் முதல் தடவை. சத்தமாக. கிளினிக்குக்கு ஆட்டுக்குட்டியோடு வந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார்.

"அது உங்களால பிழைக்கவும் பிழைக்கலாமுங்க. நீங்க வாயத் திறந்ததுனாலதான் அவங்களுக்கு வைத்தியமே பாக்க முடிஞ்சுது" என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

"வேற எங்கியாச்சும் வெச்சிருக்கீங்களா?"

துண்டை உதறி மடித்தார். நான் மறுபடி கேட்டேன்.

"பரண்ல" என்றார். "இன்னும் கொஞ்சம். நீ செடியெல்லாம் வெட்டறதுக்கு முன்னாலயே எடுத்து வெச்சுட்டேன்."

ஜூலை 9, புதன்

காலையில் ரேணு ஓசூரிலிருந்து வந்துவிட்டாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் அப்பா பக்கத்தில் இருக்க, நான் பரணில் ஏறி எடுத்தேன். டாக்டர் வசுமதியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரே அழித்துவிடுவதாகச் சொன்னார்.

கிளீனர் கண்ணைத் திறக்கவில்லை. உயிர் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவு வாசலில் தெரிந்தவர்கள் யாராவது வந்துவிடுவார்களோ என்று நான்தான் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். இவர் நேராக உட்கார்ந்திருந்தார். என் வெட்கத்தை நினைத்து இப்போது வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் வயதானவர். இவரைத் தனியாக வைத்து நெடுநேரம் பேசினார். பிறகு என்னையும் கூப்பிட்டார். இது ஒரு நோய், மருந்து உண்டு, மருந்து பிடிக்கக் கொஞ்ச நாளாகும், அதுவரை கவனமாக இருக்க வேண்டும் என்றார். மாத்திரை என்னிடம்தான் இருக்க வேண்டும். வாராவாரம் வர வேண்டும். "உங்க கணவர் நல்லாப் பேசறாரும்மா. இத்தனை நாள் ஏன் பேசாம இருந்தாருன்னுதான் தெரியல" என்றார்.

எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் உடுமலை ரோட்டில் இறங்கினோம். கிளீனர் அதே மாதிரி கிடந்தது. இவர் குனிந்து, "டேய் கிளீனர், எந்திரிக்கறயா இல்லையா?" என்றார். வாலின் நுனி அசைந்த மாதிரி இருந்தது எனக்கு. ரேணு இல்லை என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

தண்ணீர் குடித்தது. கொஞ்சம்தான். வாலும் ஆடியது, ரேணுவே பார்த்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

கிளீனர் வீட்டுக்கு வந்தாயிற்று. எலும்பும் தோலுமாக இருக்கிறது. நாலு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறது. இதயம் சரியாக இன்னும் நாளாகலாம், ஓட விடாதீர்கள் என்றார் டாக்டர்.

ஈஸ்வரியக்கா பார்க்க வந்தாள். "என்னத்தத் தின்னு தொலைச்சுது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "நான் வெச்சிருந்த விஷத்தத் தின்னுருச்சு ஈஸ்வரி" என்றார். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பால் அளக்கும்போது ஒரு டம்ளர் கூட ஊற்றிவிட்டுப் போனாள்.

ஜூலை 20, ஞாயிறு

ரேணு கிளம்பிப் போனாள். நாங்கள் இருவர் மட்டும். மாத்திரை அவருக்குத் தூக்கத்தைக் கொடுக்கிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. சில நேரம் பேசுகிறார். சில நேரம் பழையபடி எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அப்போதெல்லாம் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் இல்லை என்பது எவ்வளவு தூரத்துக்கு உதவும் என்பதும் இப்போது தெரியும்.

ஜூலை 24, வியாழன்

காலையில் சேலை மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு இலவசப் பாஸ் படிவம் அனுப்பக் கடைசி நாள், சீக்கிரம் போயாக வேண்டும். அவர் அறை வாசலில் வந்து நின்றார். குளித்திருக்கவில்லை.

"சாந்தா, இன்னிக்கு நல்லால்ல."

"தலைவலியாங்க?"

"இல்ல. அந்த நெனப்பு. காலைல எந்திரிச்சதுல இருந்து இருக்குது." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நீ இன்னிக்குப் போவாம இருக்க முடியுமா?"

கையிலிருந்த ஊக்கை மேசை மேல் வைத்தேன். தலைமையாசிரியைக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கா? பாஸ் வேலை கெடக்குதே சாந்தாமணி. யாருக்கு என்ன?"

வயிற்றுவலி, விருந்தாளி, கரண்ட்காரர் வருகிறார் என்று சொல்லியே பழகிய வாய். "வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லைங்க மேடம். வைத்தியம் பாத்துட்டு இருக்கறோம். இன்னிக்கு அவரத் தனியா விட முடியாதுங்க" என்றேன்.

"சரி, இருங்க. பாஸ நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டேன். டாக்டர் அவரிடமே பேசினார். மாத்திரையைக் கூட்டவில்லை, மத்தியானம் மறுபடி கூப்பிடச் சொன்னார், அதிகமானால் உடனே வரச் சொன்னார். பிறகு இருவரும் சமையலறையில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தோம். தேவைக்கு அதிகமாகவே உரித்துவிட்டோம். அவர் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னார். ரெயின்கோட் நீல நிறமாம். கண்ணாடியில் ஒரு கணம் நீலமாகத் தெரிந்ததாம், அப்புறம் தெரியவில்லையாம். இதுவரை போலீசிடமும் கோர்ட்டிலும் சொல்லியிருப்பார். என்னிடம் சொன்னதில்லை. நான் இடையில் பேசாமல் கேட்டேன். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுபடியும் கேட்டேன்.

மத்தியானம் ரசமும் சோறும் சாப்பிட்டார். டாக்டரிடம் பேசினார். கொஞ்சம் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்ததும், "இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "காலைல இருந்த மாதிரி இல்ல. கொறைஞ்சிருக்குது. போகல."

நாளைக்கு நான் வேலைக்குப் போவேனா என்று தெரியவில்லை. காலையில் அவரைக் கேட்பேன். கேட்டால் இப்போது சொல்கிறார்.